மேசையில் ஓடுகிற போர்டு தோட்டத்துப் பேனலுக்குள் போனதும் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி கேட்ட நண்பர் பல்லடம் பக்கம் விவசாய மோட்டார்களை போனிலிருந்தே ஆன், ஆஃப் செய்கிற மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்றைச் சொந்தமாக வடிவமைத்துக்கொண்டிருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது. பவர் சப்ளை, மைக்ரோகன்ட்ரோலர், மொபைல் நெட்வொர்க்கோடு பேசுகிற ஜிஎஸ்எம் மாட்யூல், ஆன் செய்ய ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஆஃப் செய்ய ஒரு ரிலே, ஆம்பியர் அளக்க சிடி (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்), பெட்டிக் கதவில் ஒரு எல்சிடி. தனித்தனியாகச் சோதித்தபோது எதிலும் குறை இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து மேசையில் ஒரு வாரம் ஓடவிட்டபோதும் தொந்தரவு இல்லை. தோட்டத்தில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பொருத்தியதும் மோட்டார் ஆஃப் ஆகிற நேரத்தில் போர்டு ரீசெட் ஆகிறது, அல்லது டிஸ்பிளேயில் புரியாத எழுத்துகள் வருகின்றன. சிக்னல் இருந்தும் நெட்வொர்க் விட்டுப்போகிறது. ஆம்பியர் ஏறி இறங்கிக் காட்டுகிறது. "இதைவிட உறுதியான மைக்ரோகன்ட்ரோலர் எது, எதற்கு மாறலாம்?" என்று முடித்திருக்கிறார்.

சிப்பின் பெயரைத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அவரை உண்மையில் குடைவது, தனியாக இருக்கும்போது ஒழுங்காக வேலை செய்தவை ஒன்றுசேர்ந்ததும் ஏன் கெடுகின்றன என்பதுதான். நான் அதற்குப் பதில் சொல்கிறேன். கோவையில் கணபதி பக்கம் இருபது வருடங்களுக்கு மேலாக மோட்டார் பேனல்களையும் அவற்றுக்குள் உட்காரும் எலக்ட்ரானிக் போர்டுகளையும் வடிவமைக்கிற வேலையில் இருக்கிறேன். உங்கள் போர்டை நான் பார்க்கவில்லை, லேஅவுட் படமும் இல்லை. ஆகவே எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கிற பெரிய சுவிட்சான கான்டாக்டர் விடுபடுகிற அதே கணத்தில் கோளாறு வருகிறது என்றால், அதை இழுத்துப் பிடிக்கிற காயிலில் (கம்பிச் சுருளில்) எழும் மின்துடிப்பு ஏதோ ஒரு வழியாக உங்கள் போர்டுக்குள் வருகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த வழியாக வருகிறது என்பதுதான் இங்கிருந்து சொல்ல முடியாதது. சப்ளை ஒயர் வழியாக வரலாம், கிரவுண்ட் வழியாக வரலாம், கதவுக்குப் போகிற ரிப்பன் கேபிள் ஆன்டெனா மாதிரி பிடித்துக் கொண்டுவரலாம். சிப்பை மாற்றினால் கோளாறு குறையலாம், கூடலாம், வேறு உருவத்தில் வரலாம். வருகிற வழி அப்படியே திறந்துதான் இருக்கும்.

வழியைப் புரிந்துகொள்ள ஒரு அடிப்படையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த மின்னோட்டமும் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தாக வேண்டும். சர்க்யூட் வரையும்போது போகிற வழியைக் கோடு கோடாக வரைகிறோம். திரும்பி வருகிற வழிக்கு ஒரு கிரவுண்ட் குறியைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். படத்தில் இருக்கும் எல்லா கிரவுண்ட் குறிகளும் ஒரே புள்ளி என்று நாமே நம்பிவிடுகிறோம். செம்பில் அப்படி ஒரு புள்ளி கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் பெரிய மோட்டாரை ஸ்டார்ட் செய்தால் நம் சாளையில் (தோட்டத்து வீட்டில்) பல்பு ஒரு கணம் மங்குகிறது. அந்த மோட்டாருக்கும் நம் பல்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, இரண்டும் ஒரே லைன் கம்பியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். உங்கள் போர்டில் ஜிஎஸ்எம் மாட்யூலும் மைக்ரோகன்ட்ரோலரும் ஒரே மெல்லிய செம்புத் தடத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் அதே சங்கதிதான் நடக்கும். ஒருங்கிணைப்பில் வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தப் பங்குக் கம்பியில்தான் பிறக்கின்றன. ஒவ்வொரு பாகத்தையும் தனியாகச் சோதிக்கிறபோது பங்கு கேட்க வேறு ஆள் இல்லாததால் அது கண்ணுக்கே தெரிவதில்லை.

ஜிஎஸ்எம் மாட்யூலை எடுத்துக்கொண்டு கணக்கே போட்டுப் பார்க்கலாம். 2ஜியில் மாட்யூல் தொடர்ந்து அலைபரப்புவதில்லை. 4.615 மில்லிநொடிக்கு ஒரு தடவை, 577 மைக்ரோநொடி நேரத்துக்கு மட்டும் பரப்புகிறது. சிக்னல் பலவீனமான இடத்தில் அந்தச் சிறு நேரத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். எட்டில் ஒரு பங்கு நேரம்தான் என்பதால் சராசரி கால் ஆம்பியர் பக்கம் வரும், மல்டிமீட்டர் அதைத்தான் காட்டும். பார்க்கிறவர் 1 ஆம்பியர் சப்ளை தாராளம் என்று நினைத்துவிடுவார். சரி, போர்டில் சப்ளையிலிருந்து மாட்யூல் வரை அரை மில்லிமீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 35 மைக்ரான் செம்பில் அந்தத் தடத்தின் மின்தடை ஏறக்குறைய 0.1 ஓம். 2 ஆம்பியர் போனால் 0.2 வோல்ட் அங்கேயே போய்விடும். திரும்பி வருகிற கிரவுண்ட் தடமும் அதே அளவில் இருந்தால் இன்னொரு 0.2 வோல்ட். 3.8 வோல்ட் கொடுத்தால் மாட்யூலுக்குக் கிடைப்பது 3.4 வோல்ட். நம் ஊரில் அதிகம் புழங்குகிற சிம்800 வகை மாட்யூலுக்குக் கீழ் எல்லையே 3.4 வோல்ட்தான். கனெக்டரில், ஜம்பர் ஒயரில் இன்னும் கொஞ்சம் போனால் மாட்யூல் தானாக அணைந்து எழும். நமக்கு அது நெட்வொர்க் விட்டுப்போனதாகத் தெரியும். மேசையில் டவர் பக்கத்தில் இருந்ததால் மாட்யூல் குறைந்த சக்தியில் பரப்பியிருக்கும், அதனால் அங்கே பிழைத்துக்கொண்டது.

இதற்கு 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போட்டால் போதும் என்பார்கள். அதையும் கணக்கில் பாருங்கள். சப்ளை 1 ஆம்பியர்தான் தரும், மீதி 1 ஆம்பியரை மின்தேக்கி தர வேண்டும் என்றால் 577 மைக்ரோநொடியில் அதன் அழுத்தம் 0.58 வோல்ட் இறங்கிவிடும். ஆகவே மின்தேக்கி உதவி செய்யும், சப்ளையின் வேலையை அது பார்க்காது. சப்ளையே 2 ஆம்பியருக்கு மேல் தர வேண்டும், தடம் அகலமாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும், மின்தேக்கி மாட்யூலின் காலடியில் உட்கார வேண்டும். அப்புறம், சின்ன செராமிக் மின்தேக்கிகளில் எழுதியிருக்கிற மதிப்பை அப்படியே நம்பாதீர்கள். எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் வகைகளில் மின்னழுத்தம் ஏற ஏறக் கொள்ளளவு குறையும். 6.3 வோல்ட் மின்தேக்கியை 5 வோல்ட்டில் போட்டால் எழுதியதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். டேட்டாஷீட்டில் அதற்கான வரைபடம் இருக்கும், அதைத் தேடிப் பார்க்காமல் போடக் கூடாது.

இனி கான்டாக்டர். இதுதான் உங்கள் கோளாறின் மையம் என்று நினைக்கிறேன், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். விவசாய ஸ்டார்ட்டர்களில் காயில் பெரும்பாலும் இரண்டு பேஸ்களுக்கு இடையில், 415 வோல்ட்டில் இருக்கும். ஆஃப் செய்வதற்கான உங்கள் ரிலேயின் என்சி தொடர்பு (ரிலே இழுக்காதபோது மூடியிருக்கும் தொடர்பு) அந்தக் காயிலோடு தொடராக நிற்கிறது. ரிலே இழுத்ததும் அந்தத் தொடர்பு பிரிகிறது. காயிலில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுக்கிறது. பிரியத் தொடங்கிய தொடர்பின் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான், அங்கே மின்னழுத்தம் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டிப் போய்ப் பொறி தட்டுகிறது. பொறி தட்டியதும் அழுத்தம் விழுகிறது, பொறி அணைகிறது, அழுத்தம் மறுபடி ஏறுகிறது, மறுபடி பொறி. தொடர்பு முழுதாகப் பிரிகிற வரை இது திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு பொறியும் சில நானோநொடிகளில் எழுகிற துடிப்பு. இது எங்கே நடக்கிறது என்று பாருங்கள். கான்டாக்டருக்குள் இல்லை, உங்கள் போர்டின் மேலேயே, மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிற அந்த நீலநிற ரிலே டப்பாவுக்குள் நடக்கிறது. அவ்வளவு வேகமான துடிப்புக்கு இரண்டு தடங்கள் அருகருகே ஓடினாலே போதும், நடுவில் தொடர்பே இல்லாமல் தாவிவிடும்.

இதை அடக்க வேண்டிய இடம் காயில். காயிலின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 100 ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராகச் சேர்ந்த ஸ்னப்பர் ஒன்றைப் போடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் எளிதாகக் கிடைக்கிற எக்ஸ்2 மின்தேக்கி 275 வோல்ட்டுக்கானது, 415 வோல்ட் காயிலில் அதைப் போட்டால் வெடிக்கக்கூடும். 440 வோல்ட் ஏசிக்கு மேல் மதிப்புள்ளதைக் கேட்டு வாங்குங்கள். எம்ஓவி (மிகையான அழுத்தத்தை உறிஞ்சுகிற பாகம்) போடுவதானாலும் இதே கதைதான், 510 வோல்ட் ஏசி மதிப்புள்ளது வேண்டும். ஸ்னப்பரை ரிலேயின் தொடர்புக்குக் குறுக்கே போடுகிறவர்களும் உண்டு. அப்படிப் போட்டால் தொடர்பு பிரிந்த பிறகும் அதன் வழியாக 13 மில்லிஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கும். சிறிய கான்டாக்டர் காயில் அந்தக் கசிவிலேயே விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடும். மோட்டார் ஆஃப் ஆகவில்லை என்று இன்னொரு புகார் அப்புறம் வரும்.

ரிலேயை ஓட்ட ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக சிக்னலைக் கடத்தி இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரிக்கிற பாகம்) போட்டிருக்கிறேன், அதனால் பிரச்சினை வராது என்ற நம்பிக்கையையும் அடிக்கடி பார்க்கிறேன். பிசி817 மாதிரியான ஆப்டோகப்ளர் 5000 வோல்ட்டைத் தாங்குவது உண்மை. ஆனால் அதன் இரண்டு பக்கமும் ஒரே சப்ளையிலிருந்து ஓடி, ஒரே கிரவுண்டில் சேர்ந்தால் பிரித்ததற்கு அர்த்தமே இல்லை. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த மாதிரிதான். பிரிப்பதானால் ரிலே பக்கத்துக்குத் தனி சப்ளை வேண்டும். அது முடியாது என்றால் ஆப்டோவை விட்டுவிட்டு, ரிலேக்களை போர்டின் ஓரத்துக்குத் தள்ளி, அவற்றின் மின்னோட்டம் மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் போகாமல் நேராக சப்ளைக்குத் திரும்பும்படி தடம் போடுவது மேல் என்பது என் கருத்து.

எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் முதலில் வேண்டாம். எடுத்த எடுப்பில், மைக்ரோகன்ட்ரோலர் எதனால் ரீசெட் ஆனது என்று அதுவே குறித்துவைத்திருக்கும் ரெஜிஸ்டரைப் படியுங்கள். எஸ்டிஎம்32, ஏவிஆர், இஎஸ்பி32 எல்லாவற்றிலும் அது உண்டு. ஆர்டுயினோவில் மட்டும் பூட்லோடர் அதை அழித்துவிடுகிற வழக்கம் இருக்கிறது, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிரவுன்-அவுட் என்று வந்தால் சப்ளை விழுகிறது. ரீசெட் பின் என்று வந்தால் அந்தத் தடம் துடிப்பைப் பிடிக்கிறது, பின்னுக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் போட்டுப் பாருங்கள். வாட்ச்டாக் (நிரல் நின்றுபோனால் சிப்பை ரீசெட் செய்கிற டைமர்) என்று வந்தால் நிரல் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து, போர்டை பேட்டரியில் ஓட்டுங்கள். கான்டாக்டரைக் கையால் அழுத்துகிற தனி பட்டனில் போட்டு எடுங்கள். போர்டுக்கும் பேனலுக்கும் ஒரு ஒயரும் இல்லாத நிலையிலும் ரீசெட் ஆனால் காற்று வழியாக வருகிறது. அப்போது ஆகவில்லை என்றால் ஒயர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள், எந்த ஒயரை மாட்டியதும் கோளாறு திரும்புகிறதோ அதுதான் வழி. இதையெல்லாம் செய்யும்போது பெட்டிக்குள் 415 வோல்ட் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஒயர் மாட்டுங்கள், தனியாளாக நின்று செய்யாதீர்கள்.

கதவிலிருக்கும் எல்சிடியைப் பற்றி எனக்குத் திடமான ஒரு ஊகம் இருக்கிறது. பின்னால் ஒரு சின்ன ஐ2சி போர்டு ஒட்டியிருக்கும், நாலு ஒயர் அரை மீட்டர் நீளத்தில் கான்டாக்டருக்குப் பக்கமாகவே வரும் என்று நினைக்கிறேன். ஐ2சி ஒரே போர்டுக்குள் சிப்புகள் பேசிக்கொள்வதற்காக உருவானது. கம்பியின் மொத்தக் கொள்ளளவு 400 பிக்கோஃபாரட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் விதி, மேலே இழுக்கிற மின்தடையும் பலவீனமானது. அந்த எல்சிடியோ எட்டு பிட்டை நாலு நாலாகப் பிரித்து வாங்குகிறது. நடுவில் ஒரு துடிப்பு உள்ளே புகுந்து அரைப் பங்கு தவறிவிட்டால் அதற்குப் பிறகு வருகிற எல்லாமே முன்பாதி பின்பாதி மாறிப்போகும். அந்தப் புரியாத எழுத்துகள் அப்படித்தான் வருகின்றன. ஒயரைக் குட்டையாக்கி, கிரவுண்ட் ஒயரோடு முறுக்கி, கான்டாக்டரிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள். நிரலில் சில நிமிடங்களுக்கு ஒரு தடவை எல்சிடியை முதலிலிருந்து துவக்கிவிடுங்கள்.

ஆம்பியர் ஏறி இறங்குவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், எது என்று படித்துப் பார்த்தே சொல்ல முடியாது. சிடியின் ஒயர்கள் முறுக்கப்படாமல் பவர் கேபிளோடு ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கலாம். அல்லது சிடியின் திரும்பு வழியும் ஜிஎஸ்எம் மாட்யூலின் திரும்பு வழியும் ஒரே கிரவுண்ட் தடமாக இருக்கலாம். மேலே சொன்ன 0.2 வோல்ட் அங்கே வந்தால் ஏடிசி (அழுத்தத்தை எண்ணாக மாற்றுகிற பகுதி) அதையும் ஆம்பியராகவே படிக்கும். பழைய ரேடியோ பக்கத்தில் செல்போனை வைத்தால் டிட்-டிட் என்று கேட்குமே, அந்த நொடிக்கு 217 தடவைத் துடிப்பை ஏடிசியும் கேட்கிறது. கோளாறு வருகிற நேரம் எஸ்எம்எஸ் போகிற நேரமாக இருந்தால் இரண்டாவது காரணம். எப்படியானாலும் அளப்பதை 20 மில்லிநொடியின் முழு மடங்குகளில் எடுங்கள், 50 ஹெர்ட்ஸ் அலையின் முழுச் சுற்றுகள் கிடைத்தால் எண் நிதானமாக நிற்கும்.

கிரவுண்டை அனலாக், டிஜிட்டல் என்று வெட்டிப் பிரிக்கலாமா என்பது நெடுநாள் விவாதம். அதிவேக மின்னோட்டம் திரும்பும்போது தான் போன தடத்துக்கு நேர் கீழே இருக்கிற செம்பின் வழியாகவே திரும்பும் என்பது உறுதி. நடுவில் வெட்டு இருந்தால் சுற்றிக்கொண்டு வரும், சுற்றுகிற வளையம் பெரிதானால் துடிப்பைப் பிடிப்பதும் பரப்புவதும் கூடும். ஆகவே கீழ் அடுக்கு முழுவதும் வெட்டில்லாத ஒரே கிரவுண்டாக இருக்கட்டும், பாகங்களை இடம் பிரித்து வையுங்கள் என்பேன். எலக்ட்ரானிக் கிரவுண்டை பேனலின் எர்த்தோடு சேர்க்கலாமா என்றால் ஒரே பதில் கிடையாது. நம் பகுதி மழை மறைவுப் பிரதேசம். கோடையில் தோட்டத்து எர்த் பைப்பைச் சுற்றி மண் காய்ந்து கிடக்கும், அந்த எர்த்தை நம்பி எதையும் வடிவமைக்கக் கூடாது. சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு வகையிலும் சோதித்துப் பாருங்கள்.

சப்ளையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடையில் கிடைக்கிற ரெடிமேட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை பெரும்பாலும் 85 முதல் 265 வோல்ட் வரைக்கானது. அதை ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் போட்டிருந்தால், நியூட்ரல் எங்காவது அறுந்த அன்று 400 வோல்ட் பக்கம் ஏறிவிடும். 415 வோல்ட்டின் உச்சம் 587 வோல்ட். உள்ளே இருக்கிற 400 வோல்ட் மின்தேக்கி அதைத் தாங்காது. தோட்டத்துக்கு வைக்கிற பெட்டியில் சப்ளை இரண்டு பேஸுக்கு நடுவில் உட்கார்ந்து தாங்குகிறதாக இருக்க வேண்டும், உள்ளே இரண்டு 400 வோல்ட் மின்தேக்கிகள் தொடராக, அழுத்தம் சரிசமமாகப் பிரிய மின்தடைகளோடு. ஒரு பேஸ் போய்விட்டாலும் மோட்டாரை நிறுத்துகிற அளவுக்காவது போர்டுக்கு உயிர் இருக்க வேண்டும். போர்வெல்லின் ஆழம் ஆயிரம் அடியைத் தொடுகிற ஊர்களில் கேபிளும் அவ்வளவு நீளம், இடி இறங்கும் நாளில் அதன் வழியாகவும் துடிப்பு வரும்.

சூழலும் ஒரு பாகம்தான், அதையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும். சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் பஞ்சு படிந்து ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கால்களுக்கு நடுவே கசியும். கோழிப்பண்ணையில் அம்மோனியா செம்பை அரிக்கும். தோட்டத்தில் தகரப் பெட்டி சித்திரை வெயிலில் காய்கிறது. எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கியின் ஆயுள் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. 105 டிகிரி வகையையே வாங்குங்கள், போர்டுக்குக் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் காக்கிற மேல்பூச்சு) கொடுங்கள், கேபிள் நுழைகிற ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். பல்லி உள்ளே போய் இரண்டு பேஸுக்குக் குறுக்கே விழுந்து செத்துக் கிடப்பதை ஒயர்மேன்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

நிரலில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகி எழுகிற அந்தச் சிறு நேரத்தில் அதன் கால்கள் எந்த நிலையும் இல்லாமல் மிதக்கும். ஆன் ரிலேயின் டிரான்சிஸ்டருக்குக் கீழே இழுக்கிற மின்தடை இல்லையென்றால் அந்த நேரத்தில் ரிலே ஒரு கணம் இழுத்து மோட்டார் தானாக ஓடத் தொடங்கலாம். கிணற்றுக்குள் ஆள் இறங்கி வேலை செய்கிற நேரமாக அது இருந்துவிடக் கூடாது. 10 கிலோஓம் மின்தடை ஒன்று போதும், மறக்காமல் போடுங்கள். வாட்ச்டாக்கை டைமர் இன்டரப்டுக்குள் வைத்துத் தட்டாதீர்கள், நிரலின் முக்கியச் சுற்று நின்றுபோனாலும் இன்டரப்ட் ஓடிக்கொண்டிருக்கும், வாட்ச்டாக் வைத்ததே வீணாகிவிடும். இன்னொன்று, மும்முனை மின்சாரம் வந்ததும், தானாக ஓடும்படி ஆட்டோவில் வைத்திருக்கிற எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் மோட்டாரை ஸ்டார்ட் செய்தால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் மோட்டார் ஆறு மடங்கு வரைகூட மின்னோட்டம் இழுக்கும், அழுத்தம் விழும், கான்டாக்டர்கள் படபடக்கும். மாட்யூலின் ஐஎம்இஐ எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களை எடுத்து அத்தனை நொடி தாமதம் கொடுத்தால் பெட்டிக்குப் பெட்டி நேரம் மாறிவிடும்.

2ஜி எத்தனை நாளைக்கு என்று யோசித்து 4ஜி மாட்யூலுக்கு மாறுகிற எண்ணம் இருந்தால் அதையும் வெறும் மாட்யூல் மாற்றமாக நினைக்காதீர்கள். பல 4ஜி கேட்-1 மாட்யூல்களின் சீரியல் கால்கள் 1.8 வோல்ட்டில் பேசுகின்றன. 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரை நேராக இணைத்தால் மாட்யூல் கெடலாம், அல்லது கெடாமல் அரைகுறையாக ஓடி உங்களை அலைக்கழிக்கலாம். நடுவில் லெவல் மாற்றி வேண்டும். மாட்யூல் அணைந்திருக்கும்போது இந்தப் பக்கத்துக் கால் வழியாக அதற்கு மின்சாரம் ஏறாமலும் பார்க்க வேண்டும். முன்பு நன்றாக ஓடியது என்ற நம்பிக்கையில் புது இடத்தில் அப்படியே பொருத்துவது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட் கிளம்பிய சுமார் 40 நொடிகளில் சிதறியது. ஏரியான்-4இல் ஒழுங்காக வேலை செய்த வழிகாட்டி மென்பொருளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் பழையதைவிட அதிகம், 64 பிட் எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. பழைய இடத்தில் அந்த மென்பொருளில் குறையே இல்லை.

இப்படி இணைகிற இடத்தில் யார் பொறுப்பு என்பதுதான் நம் ஊரில் எனக்கு உள்ளபடியே கவலை தருவது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த காலத்திலிருந்து மோட்டாரும் பம்பும் இங்கே கைவந்த தொழில். காயில் சுற்றுகிறவருக்கு மோட்டார் அத்துபடி, போர்டு செய்கிறவருக்கு நிரல் அத்துபடி, ஒயர்மேனுக்குப் பேனல் அத்துபடி. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து, இந்த ஒயரில் என்ன வரும், எவ்வளவு வரை வரும், எந்த நிலையில் நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்கிற வழக்கம் இல்லை. ஆகவே "ஏனுங்க, உங்க போர்டுதானுங்க ஆஃப் ஆகுது" என்று ஒருவரும், "பேனல் ஒயரிங் சரியில்லீங்க" என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் போர்டின் ஒவ்வொரு டெர்மினலுக்கும் அப்படி ஒரு தாள் எழுதி, பொருத்துகிற ஒயர்மேன் கையில் கொடுங்கள். எந்த ஒயரை எதோடு சேர்த்துக் கட்டக் கூடாது என்பதும் அதில் இருக்கட்டும்.

விற்பனைக்குப் போகுமுன் சோதிக்க ஐஇசி 61000-4-4 என்ற தரம் இருக்கிறது. கான்டாக்டர் பொறியைப் போலவே 5 நானோநொடியில் எழுகிற துடிப்புகளைக் கூட்டம் கூட்டமாகச் செலுத்துவார்கள். தொழிற்சாலைச் சூழலுக்கு சப்ளை முனையில் 2 கிலோவோல்ட்டைத் தாங்க வேண்டும். சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் நிறுவனத்தில் இந்தச் சோதனைகளைச் செய்கிறார்கள். அங்கே போகுமுன் பட்டறையிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஒரு ரிலேயின் காயிலை அதன் என்சி தொடர்பு வழியாகவே ஓட்டினால் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். 24 வோல்ட் ரிலே போதும், டயோடு போடாதீர்கள். அதன் ஒயரை உங்கள் சப்ளை ஒயரோடும், டிஸ்பிளே ஒயரோடும், சிடி ஒயரோடும் ஒவ்வொன்றாக ஒரு மீட்டர் சேர்த்துக் கட்டி, கால் மணி நேரம் ஓடவிடுங்கள். தரச் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனாலும் தோட்டத்தில் வருகிற தொந்தரவில் பெரும்பகுதி இதிலேயே மேசைக்கு வந்துவிடும்.

முதல் வேலையாக 415 வோல்ட் காயிலுக்குக் குறுக்கே ஸ்னப்பர் போடுங்கள், ரீசெட் காரணத்தைப் படித்து எஸ்எம்எஸ்ஸில் அனுப்புகிறபடி நிரலில் இரண்டு வரி சேருங்கள். ஒரு வாரம் ஓடட்டும். அப்புறம் அந்தக் காரணங்களையும், போர்டின் இரண்டு பக்கப் படத்தையும், கதவு திறந்த நிலையில் பேனலின் படத்தையும் இங்கேயே போடுங்கள். ஒயர்கள் எப்படி ஓடுகின்றன என்று தெரிந்தால் மீதியைச் சொல்கிறேன்.